நாத்திகரான சார்லஸ் பிராட்லா கடவுள் பெயரால் உறுதிமொழி எடுக்க முன்வந்தது சரியா?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் சித்தப்பா வார்டு உறுப்பினராக வென்றார். பதவியேற்பு நாளன்று ஊராட்சி அலுவலகத்தில் மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் ‘கடவுளின் பெயரால்’ என்றும், மற்றொன்றில் ‘உளமார’ என்றும் அச்சிட்டிருந்தது. எதை வாசிக்கிறீர்கள் என்று அலுவலர் கேட்டார். சித்தப்பா இரண்டாவதை எடுத்து வாசித்துக் கையெழுத்திட்டார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில்தான் அவர், இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்பவர் இந்த ஒரு வரிக்காக ஆறு ஆண்டுகள் நாடாளுமன்ற வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது என்று சொன்னார்.

அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற பிராட்லா, கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பதால், உளமார உறுதி கூற அனுமதி கேட்டார் என்பது புரிகிறது. அது மறுக்கப்பட்டதும், ‘அப்படியானால் வழக்கமான உறுதிமொழியையே எடுக்கிறேன்’ என்று அவர் முன்வந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. வாழ்நாள் முழுவதும் நாத்திகம் பேசிய ஒருவர், பைபிளைக் கையிலெடுத்துக் கடவுள் பெயரைச் சொல்ல ஒப்புக்கொண்டது கொள்கைச் சறுக்கல் அல்லவா? அல்லது எனக்குத் தெரியாத காரணம் ஏதேனும் இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நல்லசிவம்:

நல்ல கேள்வி, அம்மா. நான் வழக்குரைஞர் என்பதால் சட்டத்தின் பக்கமிருந்து தொடங்குகிறேன்.

பிராட்லாவுக்கு முன்பே இந்த வாசலில் தடுக்கப்பட்டவர்கள் உண்டு. கத்தோலிக்கரான டேனியல் ஓ’கானல் 1828இல் வென்றும் உடனே அமர முடியவில்லை. யூதரான லயனல் டி ராத்சைல்டு 1847இல் லண்டன் நகரத் தொகுதியில் வென்றார். உறுதிமொழியில் ‘கிறித்தவனின் உண்மையான விசுவாசத்தின் மீது’ என்ற சொற்கள் இருந்ததால் 1858 வரை காத்திருந்தார். குவேக்கர் சமயத்தவருக்கோ ஆணையிடுவதே பாவம். அவர்களுக்காக உளமார உறுதி கூறும் முறை ஏற்கப்பட்டது. ஆக, ஒவ்வொரு சமயத்தாருக்கும் ஒவ்வொரு காலத்தில் கதவு திறந்தது. எந்தச் சமயமும் இல்லாதவர் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை.

பிராட்லா கேட்டது இதுதான். 1869, 1870ஆம் ஆண்டுகளின் சாட்சியச் சட்டங்கள், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் நீதிமன்றத்தில் உளமார உறுதி கூறிச் சாட்சி சொல்ல இடம் கொடுத்தன. அவரும் அப்படிப் பலமுறை சாட்சி சொன்னவர். 1866ஆம் ஆண்டின் நாடாளுமன்ற உறுதிமொழிச் சட்டம், குவேக்கர்களுக்கும் ‘சட்டம் அனுமதிக்கும் பிறருக்கும்’ அந்த முறையை அளித்தது. நீதிமன்றத்தில் சட்டம் என்னை அனுமதிக்கிறது, ஆகவே அந்தப் ‘பிறரில்’ நானும் ஒருவன் என்பது அவர் வாதம். 1880 மே 3 அன்று அதைச் சபையில் முன்வைத்தார். சபாநாயகர் ஹென்றி பிராண்டு தாமே முடிவு சொல்லியிருந்தால் விவகாரம் அன்றே ஒரு வழிக்கு வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அவர் அதைச் சபையின் முடிவுக்கு விட்டார். சபை தெரிவுக் குழுவிடம் விட்டது. குழு ஒரே வாக்கு வித்தியாசத்தில் பிராட்லாவுக்கு எதிராக முடிவெடுத்தது.

இதற்குப் பிறகுதான் உங்களை உறுத்தும் கட்டம் வருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்பது சட்டம் அவர்மேல் வைத்த கடமை. ஒரு வழி அடைபட்டுவிட்டது என்றால், எஞ்சியுள்ள வழியில் அந்தக் கடமையைச் செய்து தொகுதி மக்களுக்காக அமர்வதா, தன் மனத்தின் தூய்மைக்காக அவர்களைப் பிரதிநிதி இல்லாமல் விடுவதா என்ற நிலை அவருக்கு வந்தது. அவர் முதலாவதைத் தேர்ந்தார். ஆனால் மறைத்துச் செய்யவில்லை. கடவுளைக் குறிக்கும் சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்றும், அவற்றோடு சேர்ந்துவரும் வாக்குறுதி மட்டும் தம்மை முழுமையாகக் கட்டுப்படுத்தும் என்றும் வெளிப்படையாகக் கடிதம் எழுதி நாளிதழ்களில் வெளியிட்டார். மே 21 அன்று அவர் மேசையருகே வந்தபோது, பழமைக் கட்சி உறுப்பினர் ட்ரம்மண்டு உல்ஃப் எழுந்து தடுத்ததற்கு அந்தக் கடிதமே ஆயுதமாயிற்று. கடிதம் எழுதாமல் இருந்திருந்தால் அவர் சத்தமின்றி உள்ளே போயிருப்பார். கொள்கையை விட்டுக்கொடுக்கும் மனிதர் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டார் என்பதே நான் சொல்ல வருவது.

அதே நார்தாம்ப்டனின் இன்னொரு உறுப்பினர் ஹென்றி லபூஷேர். அது இரண்டு உறுப்பினர் தொகுதி. அவருக்கும் சமய நம்பிக்கை கிடையாது. அவர் எதுவும் சொல்லாமல் உறுதிமொழி எடுத்தார், ஒருவரும் தடுக்கவில்லை.

செங்கதிர்:

நல்லசிவம் ஐயா சொன்ன சட்ட விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இளவேனிலின் உறுத்தல் நியாயமானது என்று கருதுகிறேன்.

பிராட்லாவின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பாருங்கள். 1833இல் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில், வழக்குரைஞர் அலுவலக எழுத்தரின் மகனாகப் பிறந்தவர். 11 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. ஞாயிறு வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த இளைஞராக இருந்தபோது, திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நற்செய்தி நூல்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவை பொருந்தவில்லையே என்று பாதிரியாரிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விலையாக வீட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. கூலிக்காகப் பட்டாளத்தில் சேர்ந்து டப்ளினில் இருந்தார். பிறகு லண்டன் திரும்பி எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே மேடையேறினார். 1866இல் தேசிய லௌகிக (சமயச் சார்பற்ற) சங்கத்தை நிறுவினார். 1877இல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சிறு நூலை அன்னி பெசன்ட்டோடு சேர்ந்து மறுபதிப்பிட்டு, நீதிமன்றத்தில் நின்று, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை சட்ட நுணுக்கம் ஒன்றால் நீங்கியது என்றாலும், சிறைக்குப் போகத் தயாராகவே அவர் நின்றார்.

அப்படிப்பட்டவர் பைபிளைத் தொட்டு உறுதிமொழி எடுக்க முன்வந்தபோது, எதிரிகளுக்கு எளிதான வாதம் கிடைத்துவிட்டது. ‘இவர் சொல்லுக்கு இவரே மதிப்பளிக்கவில்லை’ என்று அவர்கள் கேட்டதற்கு நேரான பதில் இல்லை. 1885இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே, கடவுள் நம்பிக்கை இல்லாதவர் எடுக்கும் உறுதிமொழி சட்டப்படி உறுதிமொழியே ஆகாது என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ‘உளமார உறுதி கூறும் உரிமை கிடைக்கும்வரை வெளியே நிற்பேன்’ என்று அவர் ஒரே நிலையில் நின்றிருந்தால், போராட்டம் இன்னும் தெளிவாக இருந்திருக்கும். நான் மதிக்கும் மனிதர் என்பதால்தான் இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தாமரைச்செல்வி:

வணக்கம். நான் ஒன்பது ஆண்டுகளாக நார்தாம்ப்டனில் வசிக்கிறேன். அபிங்டன் சதுக்கத்தில், வாகனங்கள் சுற்றிச் செல்லும் திட்டின் நடுவே பிராட்லாவின் சிலை இருக்கிறது. 1894இல் வைத்தது. வெண்கலமோ பளிங்கோ இல்லை, சுட்ட மண்ணால் செய்தது. கையை நீட்டிச் சுட்டியபடி நிற்பார். வேலைக்குப் போகும்போது நான் ஏறும் பேருந்து அதைச் சுற்றித்தான் செல்லும். செங்கதிர் அவர்களின் கருத்தைப் படித்ததும், இந்த ஊர்க்காரர்களை எல்லாரும் மறந்துவிட்டோமே என்று தோன்றியது.

நார்தாம்ப்டன் செருப்பும் பூட்சும் செய்யும் ஊர். தோல் அறுப்பவர்கள், தைப்பவர்கள், அடிப்பகுதி பொருத்துபவர்கள் என்று அந்நாளில் தெருவுக்குத் தெரு தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. அவர்களிடம் பிராட்லா முதலில் வாக்குக் கேட்டது 1868இல். தோற்றார். (அந்தத் தேர்தல் செலவுக்குத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 10 பவுண்டு அனுப்பினார், நாத்திகருக்கு உதவினார் என்ற பேச்சு, மில் தம் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியை அதே ஆண்டில் இழந்ததற்கு ஒரு காரணமாயிற்று.) 1874இல் பொதுத் தேர்தலிலும் இடைத்தேர்தலிலும் ஆக இருமுறை தோற்றார். 1880இல்தான் 3,827 வாக்குகளோடு வென்றார். பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் ஊரை விடாமல் சுற்றிவந்து பெற்ற வெற்றி அது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1880 ஜூன் 23 அன்று வெளியேற மறுத்ததற்காக, நாடாளுமன்றத்தின் மணிக்கூண்டிலேயே அவரை அடைத்தார்கள். மறுநாள் விடுவித்தார்கள். ஜூலையில், சட்ட விளைவுகளை அவரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு உளமார உறுதி கூற அனுமதித்தார்கள். பல மாதங்கள் அமர்ந்து பணியாற்றினார். 1881 மார்ச்சில் நீதிமன்றம் அது செல்லாது என்றதும் இடம் காலியாயிற்று. ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்தது. 132 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் இவரையே அனுப்பினார்கள். 1882இல் இன்னொரு தேர்தல், வித்தியாசம் 108. 1884இல் மற்றொன்று, வித்தியாசம் 368. ஒவ்வொரு முறையும், ‘இவரைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே விடமாட்டார்கள், உங்கள் வாக்கு வீண்’ என்று சொல்லப்பட்ட நிலையிலேயே அவர்கள் வாக்களித்தார்கள்.

செங்கதிர் அவர்களே, நீங்கள் சொன்னபடி அவர் வெளியே நின்றிருக்கலாம். ஆனால் வெளியே நிற்பது அவர் ஒருவர் மட்டும் அல்ல, அவருக்கு வாக்களித்த செருப்புத் தொழிலாளர்களும்தான். உள்ளே போக ஒரு வழி இருந்தும், என் மனசாட்சிக்காக நீங்கள் பொறுத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்லும் உரிமை தமக்கு இல்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார் என நம்புகிறேன்.

1881 ஆகஸ்ட் 3 அன்று நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். தமக்குரிய இடத்தைக் கேட்டு அவர் அன்று மீண்டும் சபைக்கு வந்தார். சபை ஏவலர்களும் காவலர்களும் சேர்ந்து பிடித்து, படிகள் வழியே முற்றம் வரை இழுத்துச் சென்றார்கள். அவர் நெடிய, பருத்த உடல்வாகு கொண்டவர். அத்தனை பேர் வேண்டியிருந்தது. மேலங்கி கிழிந்தது. கைத் தசைகள் காயமடைந்து பல நாட்கள் அவதிப்பட்டார். வெளியே மனுக்களோடு ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் கூட்டம் உள்ளே புகுந்திருக்கும். கூட்டத்தை அமைதியாக வைத்திருக்கும்படி முன்பே அன்னி பெசன்ட்டிடம் சொல்லிவைத்திருந்தார். அந்த அம்மையாரும் அப்படியே நிறுத்திவைத்தார். அடையாற்றின் அன்னி பெசன்ட்டாகவே நாம் அறிந்தவர், அன்று அந்த முற்றத்தில் நின்றிருந்தார்.

நல்லசிவம்:

தாமரைச்செல்வி அம்மையாருக்கு நன்றி. செங்கதிர் சுட்டிய 1885 தீர்ப்பு சரியானது, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தீர்ப்புக்குக் காரணமான நிகழ்ச்சி 1884 பிப்ரவரியில் நடந்தது. அதற்கு முன்பு 1882 பிப்ரவரியிலும் அவர் ஒருமுறை இதைச் செய்திருக்கிறார்: மேசையருகே விரைந்து சென்று, தாமே கொண்டுவந்த தாளையும் புதிய ஏற்பாட்டையும் எடுத்து, யாரும் வாசித்துக்காட்டாமலே உறுதிமொழியைத் தாமே வாசித்துக் கையெழுத்திட்டார். சபை அவரை நீக்கியது. நார்தாம்ப்டன் திரும்ப அனுப்பியது.

இடையில் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு 1883இல் உளமார உறுதி கூற எல்லாருக்கும் இடமளிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. கிளாட்ஸ்டன் ஆழ்ந்த கிறித்தவர், பிராட்லாவின் கருத்துகளை வெறுத்தவர். அப்படியிருந்தும் ஏப்ரல் 26 அன்று லத்தீன் கவிஞர் லுக்ரீஷியஸின் வரிகளை மேற்கோள் காட்டி, பொதுப்படையான ஒரு கடவுளை ஒப்புக்கொள்ள வைப்பதால் சமயத்துக்கு என்ன காவல் கிடைத்துவிடும் என்று கேட்டு நீண்ட உரையாற்றினார். தாம் ஏற்காத மனிதருக்காக இவ்வளவு பாடுபட்ட பிரதமர்களை வரலாற்றில் அதிகம் காண முடியாது. மசோதா 289க்கு 292 என்று மூன்று வாக்குகளில் தோற்றது.

ஆகவே செங்கதிருக்கு என் பதில்: வெளியே நின்று காத்திருந்தால் சட்டம் மாறியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. சட்டத்தை மாற்றும் முயற்சி நடந்தது, தோற்றது. சபைக்குள் போகாமல் அதை மாற்ற வழியும் இல்லை. நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. தம்மைத் தடுப்பதற்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், சபைக்குள் நடக்கும் நடைமுறையில் நீதிமன்றம் தலையிடாது என்று 1884இல் தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவர், நம் 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடந்த கேசவ் சிங் விவகாரத்தில், 1964இல் நம் உச்ச நீதிமன்றமும் இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியது. சட்டமன்ற உரிமை பற்றி வாதிடும் எவரும் பிராட்லா பெயரைத் தாண்டிப் போக முடியாது.

இளவேனில்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தை அவரே வெளியிட்டார் என்பது எனக்குத் தெரியாது. அதை அறிந்தபின் என் உறுத்தல் பெருமளவு குறைந்துவிட்டது. கடைசியில் அவர் எப்படி உள்ளே நுழைந்தார்? நுழைந்த பிறகு இந்தச் சட்டத்தை மாற்றினாரா? நம் நாட்டோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்றும் சித்தப்பா சொன்னார்.

ஏட்டுச்சுவடி:

பழைய இதழ்களைத் தேடிப் படிப்பது என் பழக்கம் என்பதால், கடைசிக் கேள்விக்காகவே இந்த இழையில் நுழைகிறேன்.

1885 பொதுத் தேர்தலிலும் நார்தாம்ப்டன் அவரையே தேர்ந்தெடுத்தது. 1886 ஜனவரி 13 அன்று புதிய நாடாளுமன்றம் கூடியபோது சபாநாயகராக இருந்தவர் ஆர்தர் பீல். எதிர்ப்புத் தெரிவிக்க எழுந்தவர்களை அவர் பேசவிடவில்லை. ஓர் உறுப்பினருக்கும் அவர் எடுக்கும் உறுதிமொழிக்கும் இடையே புகத் தமக்கும் உரிமை இல்லை, பிறருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார். பிராட்லா உறுதிமொழி எடுத்தார், கையெழுத்திட்டார், அமர்ந்தார். ஆறு ஆண்டுகள் தீராத சிக்கல் ஒரு சபாநாயகரின் உறுதியால் சில நிமிடங்களில் தீர்ந்தது.

உள்ளே போனதும் அவர் உழைத்த உழைப்பு பெரிது. கூலிக்குப் பதில் பொருளாகக் கொடுத்துத் தொழிலாளரை ஏய்ப்பதைத் தடுக்கும் 1887ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்கு முன்னின்றார். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களுக்குக் கருவூலத்திலிருந்து போய்க்கொண்டிருந்த நிரந்தர ஓய்வூதியங்களை எதிர்த்தார். 1888இல் உறுதிமொழிச் சட்டத்தை அவரே கொண்டுவந்து நிறைவேற்றினார். நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஆணையிட விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம் என்றாயிற்று. நம் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வடிவங்களும் அருகருகே இருப்பதற்கு இந்தச் சட்டம்தான் நேரடிக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சமயக் காரணத்தால் ஆணையிட மறுப்பவர் உளமார உறுதி கூறும் வழி 1873இலேயே இந்தியச் சட்டத்தில் இருந்தது. ஆனால் உங்கள் சித்தப்பாவின் மேசைமேல் இருந்த இரண்டாவது தாளைப் பார்த்து அவருக்குப் பிராட்லா நினைவுக்கு வந்தது பொருத்தமே.

இந்தியத் தொடர்புக்கு வருகிறேன். காமன்ஸ் சபையில் இந்திய விவகாரங்களை விடாமல் எழுப்பியதால் ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ என்றே அவரை அழைத்தார்கள். கடும் நோயிலிருந்து எழுந்து, 1889 டிசம்பரில் பம்பாயில் நடந்த காங்கிரசின் ஐந்தாவது மாநாட்டுக்கு வந்தார். வில்லியம் வெட்டர்பர்ன் தலைமை வகித்த அந்த மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளின் எண்ணிக்கையும் ஆண்டைப் போலவே 1889. ஊர் திரும்பியதும், சட்டசபைகளில் இந்தியப் பிரதிநிதிகளை விரிவாக்கும் மசோதா ஒன்றைச் சபையில் வைத்தார்.

சென்னையிலோ அவருக்கு அதற்கு முன்பே அன்பர்கள் இருந்தார்கள். அவருடைய தேசிய லௌகிக சங்கத்தைப் பின்பற்றி இங்கே சென்னை லௌகிக சங்கம் அமைந்தது. 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். காலத்தைப் பாருங்கள். லண்டனில் பிராட்லாவை வாசலில் நிறுத்திவைத்திருந்த அதே ஆண்டுகளில், சென்னையில் சிலர் அவருடைய இயக்கத்தின் கருத்துகளைத் தமிழில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார். கிடைத்தால் அவசியம் படியுங்கள்.

1891 ஜனவரி 30 அன்று பிராட்லா இறந்தார். வயது 57. புரூக்வுட் இடுகாட்டில் நடந்த அடக்கத்துக்குப் போனவர்களில், அப்போது லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது காந்தியும் ஒருவர். கடவுளை நம்பாத ஒருவருக்கு, கடவுளை அவ்வளவு நம்பிய ஒருவர் இறுதி மரியாதை செய்தார்.

செங்கதிர்:

தாமரைச்செல்வி அவர்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ‘வெளியே நிற்பது அவர் ஒருவர் அல்ல’ என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. சறுக்கல் என்ற சொல்லை விலக்கிக்கொள்கிறேன்.

ஆனால் 1888 சட்டத்தைப் பற்றி ஒரு குறை எனக்கு இன்னும் இருக்கிறது. உளமார உறுதி கூற விரும்புபவர், தமக்குச் சமய நம்பிக்கை இல்லை என்றோ ஆணையிடுவது தம் சமயத்துக்கு விரோதம் என்றோ காரணம் சொல்ல வேண்டும் என்ற திருத்தத்தை பிராட்லா ஏற்றுக்கொண்டார். அன்றைய சுயசிந்தனையாளர் சிலரே அதை எதிர்த்தார்கள். இளவேனிலின் சித்தப்பாவிடம் யாரும் காரணம் கேட்கவில்லை அல்லவா? அதுவே சரியான முறை.

தாமரைச்செல்வி:

ஆம், அந்தத் திருத்தம் எனக்கும் பிடிக்காதது. அதை ஏற்றிருக்காவிட்டால் சட்டம் நிறைவேறியிருக்குமா என்பதும் ஐயமே. மூன்று வாக்குகளில் தோற்ற அனுபவம் அவருக்கு இருந்தது.

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்ன மரணத்துக்குச் சில நாட்கள் முன்பு நடந்த ஒன்றையும் சேர்க்கிறேன். ஜனவரி 27 அன்று, அபெர்டீன் உறுப்பினர் ஹன்டர் காமன்ஸ் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பிராட்லாவைத் தடுத்த 1880 ஜூன் 22 தீர்மானத்தைச் சபைக் குறிப்பேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்பது. பழமைக் கட்சி அப்போது ஆட்சியில் இருந்தது, பிராட்லாவை ஆறு ஆண்டுகள் முன்னின்று எதிர்த்த கட்சி. அவர்களும் தடை சொல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அந்த நேரத்தில் பிராட்லா வீட்டில் நினைவிழந்து படுத்திருந்தார். செய்தியை அவருக்குச் சொல்ல முடியவில்லை.